ஊருக்கு ஒரு மில் போதும்

1998ஆம் ஆண்டு நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் அப்போது ஒரேயொரு மிளகாய் மில் இருந்தது. பக்கத்துக் கடை நானாவுடையது. மிளகாய், மல்லி, அரிசி என்று தோட்டத்துச் சனங்கள் பையோடு வரிசையில் நிற்பார்கள். என் கடைச் சரக்கும் அங்கேதான் அரைபடும். மாத முடிவில் அவருக்குக் கொடுக்கும் அரைப்புக் கூலியைக் கணக்குப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. "இந்தக் காசை ஏன் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்?" என்று வங்கியில் கடன் எடுத்து, அவருடையதைவிடப் பெரிய மில் ஒன்றை வாங்கிப் பூட்டினேன்.

ஊரில் அரைபடும் மிளகாயின் அளவு அதனால் கூடவில்லை. முன்பு ஒரு மில் முழு நாள் ஓடியது. இப்போது இரண்டு மில்லும் அரை நாள் சும்மா நின்றன. மில் ஓடாத நாளிலும் வங்கி வட்டி ஓடியது. வேலைக்காரப் பையனுக்குச் சம்பளம், கரண்ட் பில், பெல்ட் மாற்றும் செலவு எதுவும் பாதியாகவில்லை. பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு நானாவும் நானும் ஒரு மாலை தேநீர் குடித்தபடி பேசி, என் மில்லை நட்டத்துக்கு விற்று, அவருடையதைக் கூட்டு மில்லாக ஆக்கினோம். ஓர் இயந்திரத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அது ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலான இந்தக் கதை எனக்கு மீண்டும் நினைவுக்கு வரக் காரணம் என் தங்கையின் மகள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, புற்றுநோயாளிகளின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கும் இயந்திரங்களைப் பற்றிச் சொன்னாள். வியாபாரிக்கு வரும் முதல் கேள்விதான் எனக்கும் வந்தது.

"ஒரு மெஷின் என்ன விலை மகள்?"

"விலையை விடுங்க மாமா. ஒவ்வொரு தடவை ஓட விடும்போதும் ஊத்துற மருந்துதான் பெரிய செலவு. பாதி நிரப்பி ஓட விட்டாலும் முழு மருந்தும் போயிடும். அதனால யாரும் தனக்கென்று ஒன்று வாங்கி வைக்க மாட்டாங்க. பல பேர் ஒன்றாச் சேர்ந்துதான் பாவிப்பாங்க."

நான் சிரித்துவிட்டேன். 14 மாத வட்டி கட்டி நான் படித்த பாடம் அது.

புறக்கோட்டை லொறியும் ஆய்வுகூடமும்

வாசகர்களில் பலருக்குப் புறக்கோட்டையிலிருந்து சரக்கு ஏற்றும் அனுபவம் இருக்கும். ஒரு லொறியை முழுதாக அமர்த்தும் அளவுக்கு நம்மிடம் சரக்கு இருக்காது. ஹட்டனுக்கு நாலு மூட்டை, தலவாக்கலைக்கு ஆறு மூட்டை, நுவரெலியாவுக்குப் பத்து மூட்டை என்று எல்லாம் ஒரே லொறியில் ஏறும். ஒவ்வொரு மூட்டையிலும் கடைக்காரரின் குறி இருக்கும். லொறி நிறைந்ததும் புறப்படும். அவரவர் மூட்டைக்கு உரிய கூலியை மட்டும் கொடுப்போம். இறக்கும்போது குறியைப் பார்த்துப் பிரிப்பார்கள்.

மரபணு வாசிக்கும் கூட்டு ஆய்வுகூடமும் இப்படித்தான் நடக்கிறது. பல ஆய்வாளர்கள் அனுப்பும் மாதிரிகளில் ஒவ்வொன்றுக்கும் டி.என்.ஏ. எழுத்துக்களாலேயே ஆன ஒரு சிறு குறியை ஒட்டுகிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே தடவையில் இயந்திரத்தில் ஓட விடுகிறார்கள். பிறகு கணினி அந்தக் குறியைப் பார்த்து இது இவருடையது, அது அவருடையது என்று பிரித்துக் கொடுக்கிறது. மருந்துச் செலவு எல்லோர் மீதும் பங்காகிறது. சரக்கு கெட்டிருந்தால் லொறிக்காரர் ஏற்ற மாட்டார் அல்லவா? அதுபோல, மாதிரி சிதைந்திருந்தால் ஆய்வுகூடம் ஏற்பதற்கு முன்னரே சோதித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் நிலையங்கள் இப்படிப்பட்ட பொது ஆய்வுகூடங்களை வைத்துத்தான் நடக்கின்றன. அந்நாட்டுத் தேசிய புற்றுநோய் நிறுவனம் தனது மானியத்தில் இதற்கென்றே ஒரு பகுதியைக் கொடுக்கிறது. நமக்குக் கிட்டிய உதாரணம் பெங்களூரில் இருக்கிறது. இந்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை 2009இல் தொடங்கிய சி-கேம்ப் என்ற நிலையம், விலை கூடிய இயந்திரங்களை ஓரிடத்தில் வைத்து, வெளியாருக்குக் கட்டணத்துக்கு வேலை செய்து கொடுக்கிறது. பல்கலைக்கழக மாணவனும் போகலாம், கம்பனிக்காரனும் போகலாம். மரபணு வாசிப்பும் அங்கே செய்யப்படும் வேலைகளில் ஒன்று.

அசல் பேரேடும் திருத்திய பேரேடும்

புற்றுநோயில் மரபணுவை ஏன் வாசிக்க வேண்டும்? இதையும் நம் பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்ட ஒரு பேரேடு இருக்கிறது. அதில் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது பேரேடும் பிரதி எடுக்கப்படுகிறது. பிரதியில் பிழை விழுவதுண்டு. பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. "இதற்கு மேல் வளராதே" என்று கட்டளையிடும் பக்கத்தில் பிழை விழுந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அந்தச் செல் கட்டுப்பாடில்லாமல் பெருகத் தொடங்கும்.

ஒரு கணக்குப்பிள்ளை மோசடி செய்திருக்கிறான் என்று சந்தேகம் வந்தால் நாம் என்ன செய்வோம்? அசல் பேரேட்டையும் அவன் திருத்திய பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்ப்போம். ஆய்வாளர்கள் செய்வதும் அதுதான். நோயாளியின் இரத்தத்திலிருந்து அசலை வாசிக்கிறார்கள். கட்டியிலிருந்து திருத்தியதை வாசிக்கிறார்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று கணினியில் தேடுகிறார்கள். ஒருவரிடம் பார்த்தால் போதாது. நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் ஒரே பக்கம் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டிருந்தால்தான் குற்றவாளி அங்கே இருக்கிறான் என்று சொல்ல முடியும். அதற்குத்தான் இத்தனை மாதிரிகளும், இத்தனை இயந்திர ஓட்டமும், கூட்டு ஆய்வுகூடமும் தேவைப்படுகின்றன.

மனித மரபணுவை முதன்முதலில் ஏறக்குறைய முழுமையாக வாசிக்க 1990இலிருந்து 2003 வரை 13 வருடங்கள் சென்றன. செலவு கிட்டத்தட்ட 300 கோடி அமெரிக்க டொலர். 2014இல் ஓர் அமெரிக்கக் கம்பனி, ஒரு ஆளின் மரபணுவை 1,000 டொலருக்கு வாசிக்கும் இயந்திரத் தொகுதியை அறிவித்தது. ஆனால் அந்த விலை, இயந்திரங்கள் ஓய்வில்லாமல் நிறைந்து ஓடினால்தான் கட்டும். நம் மில் கணக்கேதான்.

வெற்றிலை அதக்கும் இடம்

2008இல் பல நாடுகள் கூடி, சர்வதேசப் புற்றுநோய் மரபணுக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. பங்காளிகள் சரக்கைப் பங்கிடுவது போல, ஒவ்வொரு நாடும் புற்றுநோய்களைப் பங்கிட்டுக்கொண்டது. இந்தியா எடுத்தது வாய்ப் புற்றுநோய். அதிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈற்றிலும் வரும் வகை. வெற்றிலையைச் சப்பி ஒரு பக்கமாக அதக்கி வைத்துக்கொள்வார்களே, சரியாக அந்த இடம்.

மேற்கு வங்காளத்தில் கல்யாணி என்ற ஊரில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணு நிறுவனமும், மும்பை டாடா நினைவு நிலையத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் சேர்ந்து வேலை செய்தன. ஆஸ்பத்திரி ஒரு பக்கம், வாசிக்கும் இயந்திரம் இன்னொரு பக்கம். முதலில் 50 நோயாளிகளின் கட்டியையும் இரத்தத்தையும் வாசித்தார்கள். பிறகு மேலும் 60 பேரில் சரிபார்த்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. இந்த வகைப் புற்றுநோயில் அடிக்கடி மாறுவதாக முன்பு அறியப்படாத ஐந்து மரபணுக்களை அவர்கள் காட்டினார்கள்.

தமிழ்நாட்டிலும் இதே வழியில் ஒரு வேலை நடந்தது. சென்னை ஐ.ஐ.டி., வேறு சில நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளில், ஆளுக்கு இரண்டு வீதம், 960 வாசிப்புகளைச் செய்து முடித்தது. அந்தத் தரவை 2025 பெப்ரவரியில் ஆய்வாளர்கள் எல்லோரும் பாவிக்கும்படி பொதுவில் வைத்தது. உலகப் புற்றுநோய்ப் பட்டியல்களில் இந்தியர்களின் தரவு மிகக் குறைவாக இருந்ததுதான் காரணம் என்றார்கள். வெள்ளைக்காரர்களின் பேரேட்டைப் பார்த்துத் தயாரித்த மருந்து நமக்கும் அப்படியே பொருந்தும் என்று எப்படி நம்புவது?

என் கடன் கொப்பியில் இருந்த மனிதர்

"கன்னத்தின் உட்புறம்" என்று மருமகள் சொன்னபோது எனக்கு ஒருவருடைய முகம் வந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி. அவர் பெயரை எழுதவில்லை. என்னை "மொதலாளி" என்பார், நான் "அண்ணே" என்பேன். ஒவ்வொரு சம்பள நாளும் கடனைத் தீர்த்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார். அவருடைய கடன் கொப்பியில் அரிசி, மா, சீனிக்குக் கீழே வாராவாரம் ஒரே வரி இருக்கும்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை.

ஒரு வருடம் அவருடைய வாய் சரியாகத் திறக்காமல் போனது. பிஸ்கட்டைக்கூடத் தேநீரில் ஊற வைத்துத்தான் உள்ளே தள்ளுவார். பிறகு ஒருநாள் ஒரு துண்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து, "மொதலாளி, இதுல என்னா எழுதியிருக்கு? படிச்சு சொல்லுங்க" என்றார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கண்டிக்குப் போய்க் காட்ட வேண்டும் என்பதுதான் விஷயம். "போங்கண்ணே, தாமதிக்காம போங்க" என்றேன். "போகணும் மொதலாளி. ஒரு நாள் பேர் போயிடும், பஸ் காசு வேணும், தொணைக்கு ஆள் வேணும். கொழுந்து கொறையட்டும், போறேன்" என்றார். அன்றும் அவர் கேட்ட வெற்றிலைச் சாமானைக் கட்டிக் கொடுத்துக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கொழுந்து குறைந்து அவர் போய்ச் சேர்ந்தபோது நோய் கழுத்துக்கு இறங்கியிருந்தது. அடுத்த வருடம் மௌத்தாகிவிட்டார். மகன் வந்து கடைசிக் கடனைத் தீர்த்தான். அந்தக் கணக்கிலும் புகையிலை இருந்தது.

பாக்கு மட்டுமே, புகையிலை சேராமலேயே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் தீர்மானித்தது. நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். 2016இல் மெல்லும் புகையிலைப் பொருட்களைத் தடை செய்து ஒழுங்குவிதியும் வந்தது. ஆனாலும் வெற்றிலைக் கூறு விற்கப்படாத தோட்டச் சந்தி எங்கே இருக்கிறது? விற்பவர்களில் நம்மவர்களும் உண்டு என்பது நமக்குத் தெரியும்.

செடிக்குச் செய்தோம், கொழுந்து பறிக்கும் கைக்கு?

கூட்டு ஆய்வுகூடம் என்பது மலைநாட்டுக்குப் புதிய யோசனை இல்லை. தலவாக்கலை வழியாகப் போகும் எல்லோரும் சென்கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிறந்தது அது. ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியே ஒரு விஞ்ஞானியை வைத்துக்கொள்ள முடியாது என்று துரைமார்கள் கணக்குப் போட்டுத்தான், ஏற்றுமதியாகும் தேயிலையில் சிறு வரியொன்றைச் சேர்த்து, எல்லோருக்கும் பொதுவாக அதை நடத்தினார்கள். 1946இல் கொப்புள நோய் வந்து தேயிலைச் செடிகளைத் தாக்கியபோது அந்த நிலையம் கைகொடுத்தது. அங்கே தெரிந்தெடுத்த டி.ஆர்.ஐ. 2025 என்ற கன்று இன்று மலைக்கு மலை நிற்கிறது.

செடியின் இலையில் கொப்புளம் வந்தால் பார்க்க நூறு வருடத்துக்கு முன்பே பொது ஆய்வுகூடம் வைத்தோம். அதே இலையைப் பறிப்பவரின் வாயில் கொப்புளம் வந்தால்?

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மனித மரபியல் பிரிவு 1983இலிருந்து இயங்குகிறது. அதே பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், இலங்கை மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணு மாற்றங்களைப் பற்றி 2008இல் எழுதினார்கள். மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப் புற்றுநோய் பற்றிய ஆய்வு 2007இல் வெளியானது. கொவிட் காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் நாடு முழுவதிலும் இருந்து வந்த மாதிரிகளை வாசித்து, எந்த வகை வைரஸ் பரவுகிறது என்று 2021இல் சொன்னது. ஓரிடத்து இயந்திரம் நாட்டுக்கே வேலை செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

2022இல் டொலர் இல்லாமல் கொள்கலன்கள் துறைமுகத்தில் கிடந்ததை வியாபாரிகள் மறக்க மாட்டோம். இந்த இயந்திரங்களுக்கு ஊற்றும் மருந்தும் டொலருக்குத்தான் வருகிறது. ஆகவே நமக்குப் பத்து இடத்தில் பத்து இயந்திரம் தேவையில்லை. நாள் தவறாமல் நிறைந்து ஓடும் ஒன்றிரண்டு போதும்.

லொறி நிறைய வேண்டுமே

லொறி தயாராக நிற்கலாம். மூட்டையை றோட்டுக்குக் கொண்டுவர ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது? 1984இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் நம் நாட்டைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆயிரக்கணக்கானோரின் வாயைப் பரிசோதித்தார்கள். வெறும் கண்பார்வையிலேயே நோயின் முன்நிலையை அவர்கள் திறமையாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களே போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் என் கங்காணி அண்ணனைப் போன்றவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மரபணு வாசிப்பு நாளைக்கே நம் தோட்டத்து மனிதரைக் குணப்படுத்திவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாயில் வரும் வெள்ளைத் திட்டுக்களில் எது புற்றாக மாறும், எந்த நோயாளிக்கு எந்த மருந்து எடுபடும் என்பதைக் காலப்போக்கில் சொல்லத்தான் அந்த ஆராய்ச்சி. இன்றைக்கு உயிரைக் காப்பது ஒரு டோர்ச் லைட்டும், நேரத்தோடு ஏறும் பஸ்ஸும். இரண்டும் ஒரே பாதையில்தான் இருக்கின்றன. நேரத்தோடு வரும் நோயாளி தானும் பிழைக்கிறார். அவர் சம்மதித்துக் கொடுக்கும் மாதிரியால் நம் மலைநாட்டு மனிதரின் பேரேடும் அந்தப் பட்டியலில் ஏறும்.

வியாபாரிகளாகிய நாம் என்ன செய்யலாம்? மூன்று விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, போக்குவரத்து. ஒரு நகரத்தில் ஐம்பது கடைகள் மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், கடிதம் கையில் இருந்தும் போக முடியாமல் இருப்பவருக்கும் அவரோடு துணைக்குப் போகிறவருக்கும் பஸ் காசும், இழக்கும் நாட்சம்பளமும் கொடுத்துவிடலாம்.

இரண்டாவது, நன்கொடை கொடுக்கும் விதம். ஓர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கருவி வாங்கிக் கொடுத்தோம். பெயர்ப்பலகையும் மாட்டினோம். இரண்டாம் வருடம் அது பழுதானபோது திருத்தும் செலவை யாரும் யோசித்திருக்கவில்லை. பலகை மட்டும் பளபளப்பாக இருக்கிறது. புதிய கருவி வாங்கிக் கொடுப்பதற்கு முன், இருக்கும் கருவி ஓடுவதற்கு என்ன குறை என்று கேளுங்கள். மருந்தாக இருக்கலாம், மாதிரியைக் குளிரில் வைக்கும் பெட்டியாக இருக்கலாம், வருடப் பராமரிப்புக் காசாக இருக்கலாம்.

மூன்றாவது, நம் சொந்தக் கல்லா. நான் புகையிலையையும் பாக்குப் பக்கெட்டுகளையும் விற்பதை நிறுத்திவிட்டேன். சொல்வதற்கு இலகுவாக இருக்கிறது. முதல் ஆறு மாதம் வெற்றிலைக்காக வந்தவர்கள் அரிசியையும் பக்கத்துக் கடையிலேயே வாங்கினார்கள். வியாபாரம் விழுந்தது. சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை. அந்த நட்டத்தை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம், ஒரு கடை மட்டும் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்பதுதான். தெருவே சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. இதற்கும் கூட்டுத்தான் வேண்டும்.

நானாவிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. "மில்லுக்கு ஒத்துவர உனக்குப் பதினாலு மாசம் எடுத்துச்சு. எனக்கு ஒரு மாசம் தா" என்றார். அந்த ஒரு மாதம் இம்மாத முடிவோடு தீர்கிறது. அவருடைய பதிலை, இன்ஷா அல்லாஹ், இந்தப் பத்தியில் எழுதுகிறேன்.